கரும்புக்குப் பின்னால் கடல்: தினம் ஒரு படம், ஓர் ஆண்டு

மொரிஷியஸின் தெற்கே, சவான் மாவட்டத்தில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீடு. அங்கே இருப்பவர் அறுபதைத் தாண்டிய, ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். 2023 அக்டோபர் 1 முதல் 2024 செப்டம்பர் 30 வரை, தினமும் காலையில் வீட்டு வராண்டாவில் நின்று, தெற்கு நோக்கி, போனில் ஒரே ஒரு படம் எடுத்தார். நடுவில் பிப்ரவரி 29 வந்ததால் அந்த ஆண்டுக்கு 366 நாள். கையில் இருப்பவை 350 படங்களுக்குச் சற்று மேல். மிச்ச நாட்களில் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு ஒரு நோட்டில் காரணம் எழுதியிருக்கிறது. பெயர் வேண்டாம் என்றார், எனவே இங்கே அவர் ‘ஐயா’ மட்டுமே.

இந்த வேலை தொடங்கியது புகைப்பட ஆசையால் அல்ல. கோயிலில் நடக்கும் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு கிரியோல்தான். தமிழ் என்பது பள்ளியிலும் கோயிலிலும் கற்றுக்கொள்வது. வாரத்துக்கு ஒரு வகுப்பு என்றால், நடுவில் இருக்கும் நாட்களில் எல்லாம் மறந்துபோகிறது. தினம் ஒரு படம் எடுங்கள், அதன் கீழே ஒரு வரி தமிழில் எழுதுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஓராண்டு செய்கிறோம் என்று மூன்று பேர் முன்வந்தார்கள். முடித்தவர் ஐயா மட்டும். மூவரிலும் புகைப்படம் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவரும் அவர்தான். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இந்த முரண்தான், இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

மற்ற இருவர்

ஒருவர் கடற்கரை ஓட்டலில் வேலை செய்யும் இளம்பெண். கையில் நல்ல கேமரா, கண்ணும் நல்ல கண். தினமும் புதிதாக ஒரு நல்ல படம் என்று தொடங்கினார். முதல் மாதத்துப் படங்கள் கண்காட்சியில் வைக்கலாம் போல இருந்தன. இரண்டாம் மாதம் இரவுப் பணிக்கு மாறினார். தூங்கி எழும்போது வெளிச்சம் போயிருக்கும், மனசில் ‘இன்று எதை எடுப்பது’ என்ற கேள்வி மட்டும் இருக்கும். கடைசி நாட்களின் படங்கள் காபிக் கோப்பை, செருப்பு, மறுபடி காபிக் கோப்பை. அப்புறம் நின்றுவிட்டது.

இன்னொருவர் மேல்நிலைப் பள்ளி மாணவர். தன் முகத்தையே தினமும் எடுத்தார். இந்த வகைக்குப் பெரிய முன்னோடி உண்டு: நோவா கலினா என்ற அமெரிக்கர் 2000 ஜனவரி 11 அன்று தொடங்கி, ஆறு ஆண்டு முகங்களைக் கோத்து 2006-இல் இணையத்தில் வெளியிட்ட காணொளியை உலகமே பார்த்தது. அவருக்கும் முன்னால், கார்ல் பேடன் என்பவர் 1987 பிப்ரவரி 23 முதல் இதையே செய்துவருகிறார். நம் மாணவர் சில மாதம் நன்றாகத்தான் போனார். பரு வந்த வாரத்தில் விட்டார், திரும்பத் தொடங்கினார், தேர்வுக் காலத்தில் மொத்தமாக விட்டார். பதினாறு வயதில் தினமும் தன் முகத்தைப் பதிவு செய்யச் சொல்வது கொஞ்சம் கொடுமைதான். அந்த வயதுக்கு இனி அதைச் சொல்லமாட்டேன்.

ஐயா என்ன செய்தார்

வராண்டாவின் கட்டைச் சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டார். போனின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டில் உட்காரவேண்டும். திரையில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, எதிரே தெரிந்த கடல்மட்டத்தை மேல் கோட்டோடு பொருத்தினார். இடது ஓரத்தில் ஒரு மின்கம்பம், அது எப்போதும் சட்டத்துக்குள் இருக்கவேண்டும். ஜூம் கிடையாது, வடிகட்டி கிடையாது, இரண்டாவது படம் கிடையாது. மங்கலாக விழுந்தாலும் அதுதான் அன்றைய படம்.

எதை எடுப்பது, எங்கிருந்து எடுப்பது, எப்போது எடுப்பது என்ற மூன்று முடிவுகளும் முதல் நாளே முடிந்துபோயின. அதன்பின் அது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. ஓட்டல் பெண் தினமும் புதிதாக முடிவெடுக்கவேண்டியிருந்தது, களைப்பு அங்கேதான் வந்தது. கேமரா தரமும் திறமையும் இதில் இரண்டாம் பட்சம். இது என் கணிப்பு. மூன்று பேரை வைத்து ஊருக்கே விதி எழுதமுடியாது, ஆனாலும் அடுத்த குழுவை இதை நம்பித்தான் அமைக்கிறேன்.

ஜேமி லிவிங்ஸ்டன் இதற்கு மாற்று உதாரணம் என்று சொல்லலாம். 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25 வரை, இறக்கும் நாள்வரை, தினம் ஒரு போலராய்ட், அதாவது எடுத்த உடனே கேமராவிலிருந்து தாளாக வெளியே வரும் படம், எடுத்தவர். அவர் இடத்தைக் கட்டிவைக்கவில்லை. நண்பர்கள், தட்டுகள், தெரு, கடைசியில் மருத்துவமனை, எதையும் எடுத்தார். ஆனால் அவரும் ஒன்றைக் கட்டிவைத்திருந்தார். போலராய்டில் எடுத்த படம் எடுத்ததுதான். பத்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை, பிலிமும் விலை அதிகம். இன்றைய போனில் அந்தக் கட்டுப்பாடு தானாக வராது, நாமே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு மணியும் சூரியனும்

நேரத்தில்தான் முதல் சிக்கல் வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் இங்கே சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன் எழும். ஐயா பேருந்து வேலையில் பழகியவர், விடியற்காலை எழுவது கஷ்டமில்லை. ஆகவே காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டார். நவம்பர், டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே உதித்துவிடும் என்பதால் ஆறு மணிக்கு நல்ல வெளிச்சம், படங்களும் அருமை. மார்ச்சுக்கு மேல் வெளிச்சம் பின்வாங்கத் தொடங்கியது. மே நடுவில் உதயம் ஆறரை ஆகிவிட்டது. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் ஆறே முக்காலை ஒட்டிப் போகும். மே மாதத்துப் படங்கள் சில கறுப்புத் தாளில் மின்கம்ப விளக்கு ஒட்டினாற்போல் இருக்கின்றன. வேறு வழியில்லாமல் ஏழு மணிக்கு மாற்றினார். ஆண்டு முழுவதையும் வரிசையாக ஓட்டினால் அந்த இடத்தில் ஒரு துள்ளல் தெரியும்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மொரிஷியஸ் தெற்கே 20 பாகையில் இருப்பதால் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் உண்டு. ஓராண்டு எடுக்கப் போகிறவர் முதலில் பார்க்கவேண்டியது தன் ஊரின் மிகத் தாமதமான உதயம் எப்போது என்பதைத்தான். அதற்குப் பின் அரைமணி சேர்த்து நேரத்தை வைத்தால் ஆண்டு முழுவதும் தாங்கும். இங்கே கணக்குப் பார்த்தால் காலை ஏழே கால்.

திசை விஷயத்தில் ஐயாவுக்கு அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் தெற்குப் பார்த்த வாசலுக்குள் மார்கழி வெயில் நீளமாக வரும். இங்கே கதை தலைகீழ். ஆண்டின் பெரும்பகுதி நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும். நவம்பர் 23, 24 வாக்கில் உச்சந்தலைக்கு வந்து, தெற்கே கொஞ்சம் சாய்ந்து, ஜனவரி 20-ஐ ஒட்டி மறுபடி உச்சியைக் கடந்து வடக்கே போய்விடும். டிசம்பரில்கூட உதயம் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளித்தான் இருக்குமே ஒழிய, நேர் தெற்கு நோக்கிய போனின் பார்வைக்குள் வராது. ஆகவே ஒரு படத்திலும் சூரியன் நேரே கண்ணில் அடிக்கவில்லை. அவர் யோசித்துச் செய்ததல்ல, வீடு அப்படிக் கட்டியிருந்தது.

சலிப்பு

நவம்பரில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் வந்து நின்றார். “நேற்று எடுத்ததும் இன்று எடுத்ததும் ஒன்றுதான் மிஸ். எதற்கு எடுக்கிறேன்?” என்றார். நியாயமான கேள்வி. வெட்டிவிட்ட கட்டையிலிருந்து துளிர்த்துவரும் மறுதாம்புக் கரும்பு ஒரே இரவில் வளர்ந்து காட்டாது. அவர் தினமும் அன்றைய படத்தையும் முந்தைய நாள் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சலிப்பைத் தேடிப் போய் வாங்கும் வழி. “இனி முந்தைய நாள் படத்தைப் பார்க்காதீர்கள் ஐயா, போன மாதம் இதே தேதியில் எடுத்ததை மட்டும் பாருங்கள்” என்றேன். அக்டோபர் 12-இல் கணுக்கால் உயரம், நவம்பர் 12-இல் முழங்காலைத் தாண்டியிருந்தது. அதற்குப்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

அந்த நவம்பர் 12 தீபாவளி. காலைப் படத்தில் தீபாவளி என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. மறுநாள் படத்தில், கட்டைச் சுவரில், எண்ணெய் வற்றிய அகல்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே நேரத்தில் எடுக்கும் படத்துக்குப் பண்டிகை இப்படித்தான் அகப்படும், ஒரு நாள் தள்ளி.

புயலும் காவடியும்

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல். போர்ட் லூயி தெருக்களில் வெள்ளத்தில் கார்கள் மிதந்ததை உலகச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். தெற்கே இவர் வீட்டில் மின்சாரம் போயிற்று, வராண்டாப் பக்கம் மரப்பலகை அடித்து மூடியாயிற்று. பலகை இடுக்கு வழியே எடுத்த படம்தான் அன்றைய பதிவு. முக்கால்வாசி பலகை, மிச்சம் சாம்பல். கோடு, கடல்மட்டம், மின்கம்பம், ஒன்றும் இல்லை. அதை வரிசையிலிருந்து நீக்கவேண்டுமா என்று கேட்டார். வைத்துக்கொள்ளச் சொன்னேன். வரிசையின் அழகுக்காக அதை எடுத்துவிட்டால் புயலே வராத ஆண்டாகிவிடும்.

பத்து நாள் கழித்து, ஜனவரி 25, தைப்பூசக் காவடி. இங்கே அது பொதுவிடுமுறை. விரதம் இருந்த குடும்பம் விடியுமுன் ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பையனிடம் பழைய போன் ஒன்றைக் கொடுத்து ‘கோட்டில் வைத்து ஒன்று எடு’ என்று சொல்லிவைத்திருந்தார். பையன் ஒன்பது மணிக்கு மேல், சாய்வாக, தன் விரலையும் சேர்த்து எடுத்தான். நோட்டில் ‘அடுத்த வீட்டுத் தம்பி எடுத்தது’ என்று இருக்கிறது. காவடியையும், ஏறிய மலையையும், அப்புறம் வாழையிலையில் விழுந்த ஏழு கறியையும் அவர் எடுக்கவே இல்லை. எடுத்திருக்கலாமே என்றேன். “அதை எல்லாரும் எடுக்கிறார்கள்” என்றார்.

மற்றவர் எடுத்தது கணக்கில் வருமா? இது ஐயாவின் நாட்குறிப்பு என்றால் வராது. இது அந்த நிலத்தின் பதிவு என்றால் தாராளமாக வரும். நடுவில் தானாகவே இரண்டாவதாக மாறிவிட்டது என்பது என் எண்ணம்.

விடுபட்ட நாட்களை என்ன செய்வது என்பதிலும் ஒரு பிடிவாதம் காட்டினார். மகள் வீட்டில் கியூர்பிப்பில் தங்கிய நாட்கள் வெறுமையாகவே இருக்கின்றன. திரும்பி வந்து ஒரே நாளில் ஏழு படம் எடுத்து இடைவெளியை நிரப்பச் சொல்லி வீட்டிலேயே யோசனை சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. இதில் அவருக்கு நல்ல துணை டெசிங் ஷெய் என்ற கலைஞர். 1980 ஏப்ரலிலிருந்து ஓர் ஆண்டு, இரவு பகலாக, ஒவ்வொரு மணி நேரமும் வருகைப் பதிவு இயந்திரத்தில் அட்டை குத்தி, கூடவே ஒரு சட்டம் பிலிமும் எடுத்தவர். 8,760 முறை குத்தவேண்டிய இடத்தில் 133 தவறின. தூங்கிப்போனது எத்தனை, தாமதமானது எத்தனை, முந்திப்போனது எத்தனை என்று பிரித்து எழுதிவைத்தார். தவறியதை எழுதிவைத்ததால்தான் குத்திய மற்ற அட்டைகளை நாம் நம்புகிறோம்.

போன் செத்த கதை

பிப்ரவரி கடைசியில் போன் கையிலிருந்து நழுவி சிமென்ட் தரையில் விழுந்தது. பழுது பார்ப்பவர் கைவிரித்துவிட்டார். அதுவரையிலான படங்களுக்கு வேறு நகல் எடுத்துவைக்கவில்லை. தப்பித்தது எப்படியென்றால், பிரான்சில் படிக்கும் பேத்திக்குத் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். பேத்தி போனில் எல்லாம் இருந்தன.

ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். மூன்று நான்கு மெகாபைட் இருந்தது சில நூறு கிலோபைட்டாகிவிடும். அதைவிடப் பெரிய இழப்பு, படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் தேதி, மணி, லென்ஸ் போன்ற தகவல்கள் துடைக்கப்பட்டுவிடுவது. கோப்பின் பெயரில் தேதி மிஞ்சும், மணி போய்விடும். ஆறு மணிக்கா ஆறே காலுக்கா என்பது இனி யாருக்கும் தெரியாது. படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் இரண்டும் அப்படியே போய்ச் சேரும். மார்ச் முதல் அப்படித்தான் அனுப்பினார்.

புது போனில் லென்ஸ் இன்னும் அகலமாகப் பார்த்தது. மின்கம்பம் உள்ளே தள்ளிவந்தது, கடல் தூரம் போனது. பிற்பாதிப் படங்களை ஓரம் வெட்டித்தான் முற்பாதியோடு பொருத்தவேண்டியிருந்தது. ஓராண்டு நடுவில் போன் மாற்ற நேர்ந்தால் இது தவிர்க்கமுடியாதது. அசல்களைத் தொடாமல், வெட்டியவற்றைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொண்டோம். கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணால் பெயர் வைத்ததால் எந்தக் கணினியும் தானாக வரிசைப்படுத்திவிடும். நாளை முன்னால் வைத்தால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதிகளும் ஒரே கொத்தாக வந்து நிற்கும். மொத்த ஆண்டும் ஒன்றரை கிகாபைட்டைத் தாண்டவில்லை. இவ்வளவு சிறியதை இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பதற்குச் சாக்கே இல்லை.

படங்களில் கிடைத்தது

முதல் படத்தில் தாழ்ந்த கட்டைகளுக்கு மேல் கடல் ஒரு நீலப் பட்டை. கரும்பு ஆளுயரத்தைத் தாண்டும்போது அது மறையும். எப்போது மறைகிறது? வீட்டில் பல பத்தாண்டு குடியிருப்பவர்களைக் கேட்டேன். காவடி வரும்போதே மறைந்துவிடும் என்றார் ஐயா. அவர் மனைவி, இல்லை, சிவராத்திரிக்கு என்றார். படங்களைப் பார்த்தால் காவடியின்போது கடல் தாராளமாகத் தெரிகிறது. 2024-இல் மகா சிவராத்திரி மார்ச் 8. அன்று தோகைகளுக்கு நடுவே நீலம் துண்டு துண்டாக இருக்கிறது. முழுதாகப் போனது மார்ச் கடைசியில். அம்மாவுக்குத்தான் வெற்றி, ஓரளவுக்கு. ஆண்டுதோறும் கண்ணெதிரே நடக்கும் ஒன்றைப் பற்றி இத்தனை நாள் இருவருக்கும் உத்தேசம்தான் இருந்திருக்கிறது.

மே கடைசியில் கரும்பு பூத்தது. சாம்பல் கலந்த இளஞ்சிவப்புக் கதிர்கள் முதலில் ஓரத்தில், ஒரு வாரத்துக்குள் வயல் முழுவதும். ஏழு மணி வெளிச்சத்தில் எடுத்த அந்த ஜூன் படங்கள்தான் மொத்தத் தொகுப்பில் அழகானவை. அழகைத் தேடாதவருக்கு அது சும்மா வந்து விழுந்தது.

வலது ஓரத்தில் ஒரு சிறு நிலம் இருக்கிறது. சிறு விவசாயி ஒருவருடையது, பயிர் வைப்பதை விட்டுவிட்டார். மொரிஷியஸில் இது பரவலாக நடப்பது. வெட்டுக்கூலி, வயதாகும் விவசாயிகள், சர்க்கரை விலை என்று பல காரணங்களால் சிறு நிலங்கள் கரும்பை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கின்றன. 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பயிர், நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த பயிர். ஐயா அந்த நிலத்தைக் கவனித்ததே இல்லை, படத்தின் ஓரத்தில் விழுந்ததோடு சரி. ஆனால் ஆண்டின் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், தோட்டத்துப் பகுதி இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கிறது. மாறியிருப்பது அந்த ஓரம்தான். புல்லாக இருந்தது புதராகி, நடுவில் ஒரு மரமும் எழுந்துவிட்டது. எடுப்பவர் குறிவைக்காதது ஓரத்தில் சேர்வதால்தான் சட்டத்தை அகலமாக வைக்கச் சொல்கிறேன்.

கிடைக்காத ஒன்றும் உண்டு. ஆகஸ்ட் கடைசியில் அறுவடை. அன்று காலை ஏழு மணிக்கு எடுத்த படத்தில் வயல் நிறையக் கரும்பு. மறுநாள் ஏழு மணிக்கு வெட்டவெளியும் கடலும். இயந்திரம் எட்டு மணிக்கு வந்தது, சாயங்காலத்துக்குள் ல பராக் ஆலைக்கு லாரிகள் போய்விட்டன. ஒரு வருஷம் காத்திருந்து எடுத்த தொகுப்பில் அறுவடை இல்லை. தினம் ஒரு படம் என்ற முறை மெதுவாக நடப்பதை நன்றாகப் பிடிக்கும், ஒரு பகலில் முடிவதைத் தவறவிடும். ஐயா அன்று முழுவதும் வராண்டாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், போன் பக்கத்திலேயே இருந்தது. ஏன் எடுக்கவில்லை என்றேன். “அன்றைக்கு எடுத்தாயிற்றே” என்றார். விதியைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கலாம் என்று எனக்கு இன்னும் வருத்தம்தான். அவருக்கு இல்லை.

அந்த ஒரு வரி

தமிழாசிரியையாக எனக்கு முக்கியமானது நோட்டுதான். அக்டோபரில் ‘இன்று மழை’, ‘இன்று வெயில்’ என்பதைத் தாண்டவில்லை. பார்த்து எழுதிய எழுத்துக்கள், ஒற்றுப்பிழைகள். ஜனவரிக்கு மேல் வினைச்சொற்கள் வருகின்றன. மார்ச்சில் ஒரு நாள்: ‘மழை பெய்தது. கடல் ஒளிந்துகொண்டது.’ ஜூனில்: ‘பூ வந்துவிட்டது, சர்க்கரையும் வந்திருக்கும்.’ மரப்பலகைப் படத்தின் கீழே மட்டும் ஒன்றும் எழுதவில்லை, தேதி மட்டும். வகுப்பில் இலக்கணப் பயிற்சி செய்தவர்களைவிட இவர் தவறில்லாமல் எழுதுகிறார் என்று சொல்லமாட்டேன். தயங்காமல் எழுதுகிறார். படம் முன்னால் இருப்பதால் எதைப் பற்றி எழுதுவது என்ற தேடல் இல்லை. கேமராவுக்குச் சொன்ன அதே காரணம் பேனாவுக்கும் பொருந்துகிறது.

செப்டம்பர் 30-க்குப் பின் எல்லாவற்றையும் கோத்து, நொடிக்குப் பத்துப் படம் வீதம் ஓட்டிக் காட்டினேன். முப்பத்தைந்து நொடி. வீட்டார் கைதட்டினார்கள். ஐயா, “பேருந்து இவ்வளவு வேகமாகப் போனால் டிக்கெட் கிழிக்கமுடியாது மிஸ்” என்றார். நொடிக்கு நான்காகக் குறைத்தேன், ஒன்றரை நிமிடம் ஓடியது. கடல் மறைவது அந்த வேகத்தில்தான் தெரிகிறது.

அடுத்த குழுவில் ஐந்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். நேரம் ஏழே கால், நகல் இரண்டு இடத்தில், அனுப்புவது ஆவணமாக. நாளுக்கு ஒரு படம் என்பதற்கு ஒரே ஒரு விலக்கு சேர்த்திருக்கிறேன்: கண்ணெதிரே ஏதாவது ஒரே நாளில் நடந்து முடியப் போகிறது என்று தெரிந்தால், அன்று மட்டும் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஐயாவைக் கேட்டால் இந்த விலக்கே தேவையில்லை என்கிறார். அவரும் அந்த ஐவரில் ஒருவர். இந்தமுறை வீட்டின் வடக்குப் பக்கம், மலையைப் பார்த்து எடுக்கப் போகிறாராம். அங்கே ஜூலையில் வெயில் நேரே லென்ஸில் விழும், காலையிலேயே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.